செரி ராமா நின்ற பக்கம்

சுவரை மூடியிருந்த தார்ப்பாயை ஜாவியா பிடித்து இழுத்தபோது முதலில் வாயைத் திறந்தது அவள் கணவர் ஜூசோ இல்லை, மீன்காரி மோக் நாப்தான். "அம்மாடியோவ்!" என்று அவள் போட்ட சத்தத்தில் மண்டபத்து ஓட்டில் உட்கார்ந்திருந்த புறாக்கள் எல்லாம் பறந்தே போய்விட்டன. ஐந்து மாதமாக ஏணியில் ஏறி இறங்கிய கால்வலி அந்தச் சத்தத்திலேயே பாதி இறங்கிவிட்டது ஜாவியாவுக்கு. ஆனால் அவள் காது காத்திருந்தது வேறொரு வாய்க்கு.

லுபோக் நெரிங் ஊர்ப் புது மண்டபத்தின் நீளச் சுவர் முழுக்க அவள் கைவேலை. நடுவில், வாயாங் என்கிற தோல்பாவைக் கூத்தைத் தொடங்கிவைக்கிற மர உருவப் பாவை கிளை விரித்து நின்றது. அதற்கு இடது பக்கத்தில் பச்சை முகத்தோடு செரி ராமா, நாகத்தின் முதுகில் கால் ஊன்றி. அவருக்குப் பின்னால் தம்பி லக்ஸ்மானா, மனைவி சித்தி தேவி, வெள்ளைக் குரங்கு. வலது பக்கத்தில் சித்தி தேவியைத் தூக்கிப்போன மகாராஜா வானாவும் அவனுடைய ராட்சதப் பட்டாளமும். தோல்பாவையை அப்படியே பார்த்து எழுதினால் அதில் என்ன இருக்கிறது? திரையோடு ஒட்டி நிற்கிற பாவையின் நிழல் கத்தியால் வெட்டியதுபோலத் தெரியும். கொஞ்சம் விளக்குப் பக்கம் நகர்ந்தால் உப்பிப் பெருத்து ஓரமெல்லாம் கலங்கிப்போகும். அந்தக் கலக்கத்தைத்தான் அவள் வரைவாள். கோத்தா பாரு நகரத்தில் படம் வாங்குகிறவர்கள் அதற்காகவே அவளைத் தேடி வருவார்கள். அவள் படம் எப்பேர்ப்பட்டது என்று தெரியாத ஆள் ஊரில் கிடையாது.

ஒரே ஒருவர் உண்டு. அவர் அவளோடு ஒரே வீட்டில் குடியிருந்தார்.

ஜூசோ அந்த வட்டாரத்தின் டாலாங். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, அத்தனை பாவைகளையும் ஆட்டி, ராஜாவுக்கும் ராட்சசனுக்கும் கோமாளிக்கும் தானே குரல் கொடுத்து, ஒற்றை ஆளாகக் கூத்தை நடத்துகிறவருக்கு அங்கே அந்தப் பெயர். பேசிப் பேசியே பிழைக்கிற மனுஷன், பெண்டாட்டி வரைந்த படத்துக்கு முன்னால் நின்றால் மட்டும் வாயில் கொழுக்கட்டை. "பெயின்ட் காஞ்சிருச்சா?" என்பார். "பெரிசா இருக்கே" என்பார். ஒரு தடவை, ஆளுயரப் படம் ஒன்றை அவள் ஆசையாகத் திருப்பிக் காட்டியபோது, "பூனை பின்னாடி நிக்குது, வாலை மிதிச்சிராதே" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். கெட்ட மனுஷன் இல்லை. சாப்பாட்டில் மீனின் நடுத்துண்டு எப்போதும் அவள் தட்டுக்குத்தான் வரும். மகள் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையும் நடக்க ஆரம்பித்துவிட்டது. ஜாவியாவுக்கு எதிலும் குறை இல்லை. ஆனாலும் "நல்லா இருக்கு" என்ற அந்த ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வர வேண்டும் என்று ஆசை. அதிலும் இந்தச் சுவருக்கு வந்தே ஆக வேண்டும். இது அவர் ஊர்ச் சுவர். வெள்ளிக்கிழமை திறப்பு விழாவில் இதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் அவர் ஆட்டப்போகிறார். அதனால்தான் பாதி வேலையில் பார்க்கவிடாமல் ஐந்து மாதமும் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தாள்.

ஜூசோ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தார். திரும்பி வந்தார். சாரோங்கை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார்.

"யா, பக்கம் மாறிப்போச்சே" என்றார். அவருக்கு அவள் யா, அவளுக்கு அவர் ஆபே.

"என்ன பக்கம், ஆபே?"

"செரி ராமா போயி ராட்சசங்க பக்கத்துல நிக்கிறாரு. வானா பாரு, ராஜா கணக்கா இந்தப் பக்கம் வந்து நிக்கிறான். முழுக்கத் தலைகீழால்ல இருக்கு?"

"தலைகீழா? நல்லாப் பாருங்க ஆபே. செரி ராமா என்னைக்கும் இடது பக்கந்தானே வருவாரு?"

"வலது பக்கம்."

"இடது!"

"இந்தா, இந்தக் கையாலதான்டி நான் அவரைத் தூக்குறேன்!" என்று ஜூசோ தன் வலது கையை அவள் முகத்துக்கு நேராக நீட்டினார்.

இங்கேதான் சிரிக்காமல் ஒரு நிமிஷம் யோசித்துப் பார்க்க வேண்டும். டாலாங் திரைக்குப் பின்னால் இருந்து வலது கையால் தூக்கினால், திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவருக்கு அது இடது பக்கம். இதைக் கண்டுபிடிக்க ஒரு படிப்பும் வேண்டாம். ஆனால் ஜூசோவின் அப்பா அதே கூத்தில் காங்சா என்கிற வெண்கலத் தாளம் அடித்தவர். தவழுகிற வயதிலிருந்தே ஜூசோவுக்குத் திரைக்குப் பின்னால்தான் பாய், தலையணை, தூக்கம் எல்லாம். முன்னால் வந்து உட்கார்ந்து ஒரு கூத்துப் பார்த்தது கிடையாது. ஜாவியாவோ அம்மா மடியில் உட்கார்ந்த காலத்திலிருந்து முன்வரிசைக்காரி. பின்பக்கம் எட்டிப் பார்த்ததுகூட இல்லை. ஒரே கூத்தை ஆளுக்கொரு பக்கமாக வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திவிட்டார்கள். வீட்டில் யார் இடது வலது பேசுகிறார்கள்?

"தோக் டாலாங் சொல்றதுதான் சரி" என்று பெரியவருக்குப் பரிந்து பேசினார் டெராமான், கூத்தில் நாயனம் ஊதுகிறவர். "வலது பக்கம் ராஜா, இடது பக்கம் ராட்சசன். என் மூக்குக்கு நேரா தினம் பாக்குறேன்."

மோக் நாப் விடுவாளா? "நீ உட்கார்றது பின்னாடி. முதுகைப் பாத்துக்கிட்டு இருக்கிறவன் மூஞ்சியப் பத்திப் பேச வந்துட்டியா? நாங்க பாக்குறோம்யா முன்னாடி உட்கார்ந்து. கொசுக்கடியில!"

"கூத்து நடக்கிறது எங்க பக்கம்!"

"யாருக்காக நடக்குது? உங்களுக்கா, எங்களுக்கா?"

அவ்வளவுதான், தீ பிடித்துக்கொண்டது. மறுநாள் காலையில் காப்பிக்கடை இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்தது. மத்தளக்காரர், காங்சாக்காரர், நாயனக்காரர், விளக்குக்கு எண்ணெய் ஊற்றிய காலத்தில் அந்த வேலை பார்த்த கிழவர் என்று பின்பக்கத்துக்காரர்கள் எல்லாம் ஒரு மேசை. மிச்ச ஊர் முழுக்க இன்னொரு பக்கம். நாசி கெராபு சோற்றுப் பொட்டலம் கட்டுகிற பெண், "முன்பக்கமா, பின்பக்கமா?" என்று கேட்டுவிட்டுத்தான் மீனைப் பெரிதாகவோ சிறிதாகவோ வைத்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஊர்த் தலைவர் பெங்குலு வந்து, "சுவர் நல்லாத்தானேப்பா இருக்கு, ரெண்டு பேரும் விட்டுக்கொடுங்களேன்" என்றார். எந்த மேசையிலும் அவருக்கு நாற்காலி கிடைக்கவில்லை. நின்றபடியே காப்பி குடித்துவிட்டுப் போனார்.

ஜூசோ ஒற்றைக் காலில் நின்றார். "அந்தச் சுவர்கிட்ட உட்கார்ந்து நான் ஆட்ட மாட்டேன். வெள்ளிக்கிழமை எந்தெந்த ஊர் டாலாங்கெல்லாம் வருவான். ஜூசோ வீட்டுக்காரிக்கே ராமா எந்தக் கைன்னு தெரியலன்னு போற வழியெல்லாம் சிரிச்சுக்கிட்டுப் போவான். என்னைச் சிரிச்சா சரி. உன்னைச் சிரிச்சா நான் சும்மா இருப்பேனா?"

"சிரிக்கட்டும். நீங்க ஒரு தடவை முன்னாடி வந்து உட்கார்ந்து பாருங்க. அப்புறம் பேசுங்க."

"நான் எதுக்கு உட்காரணும்? சமைக்கிறவ பந்தியில உட்கார்ந்தா யார் பரிமாறுறது?"

அன்றைக்கும் மீனின் நடுத்துண்டு அவள் தட்டில்தான் விழுந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் இரண்டு மடங்கானது. சண்டை போடுகிற ஆள் சண்டைக்காரனாகவாவது இருக்க வேண்டாமா? புடு மீன்சாற்றைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து பிசைந்து, வாயில் வைக்காமலேயே எழுந்துவிட்டாள். தூக்கம் வரவில்லை. அவர் இல்லாமல் அந்தச் சுவர் திறந்து என்ன, திறக்காமல் என்ன? அவர் ஆட்டாத மண்டபத்தில் நின்றுகொண்டு ஊரார் கைதட்டலை வாங்கி எந்த மடியில் கட்டிக்கொள்வது? வரைந்ததே அவர் பாவையை. மனசு கேட்கவில்லை அவளுக்கு.

வியாழக்கிழமை சாயங்கால அஸர் தொழுகை முடிந்து ஜூசோ பாவைப்பெட்டியை எடுத்துப்போக மண்டபத்துக்கு வந்தார். மேடையில் வெள்ளைத் திரை கட்டியாகிவிட்டது. வாழைத்தண்டைப் படுக்கப்போட்டு, டெராமான் ஆசையாக வற்புறுத்தியதில், சண்டைக்கு முன்பே ஜூசோ அதில் பாவைகளையும் குத்தி வைத்திருந்தார். இப்போது எல்லாவற்றையும் பிடுங்கிப் பெட்டியில் வைக்க வேண்டும். டெராமான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். அந்த நேரம் பார்த்து ஜாவியா உள்ளே வந்தாள். ஒரு கையில் வெள்ளைப் பெயின்ட் வாளி, இன்னொரு கையில் உருளைத் தூரிகை. பின்னாலேயே மோக் நாப், "வேணாம் காக், சொன்னாக் கேளு காக்" என்று அக்கா முறை சொல்லிக் கெஞ்சிக்கொண்டு ஓடி வந்தாள்.

"என்ன இது?" என்றார் ஜூசோ.

"பாத்தாத் தெரியலையா? வெள்ளை. அழிச்சிடறேன். இந்தச் சுவரும் வேணாம், இந்தச் சண்டையும் வேணாம்."

ஜூசோ வாளியைப் பார்த்தார். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"ஆனா ஒண்ணு" என்றாள் ஜாவியா. "தப்புன்னு பாத்துட்டுச் சொல்லுங்க. பாக்காமச் சொன்னதுக்கெல்லாம் நான் அழிக்க மாட்டேன். ஒரே ஒரு தடவை திரைக்கு முன்னாடி உட்காருங்க. உட்கார்ந்து பாத்துட்டு, அப்பவும் தப்புன்னு சொன்னீங்கன்னா, உங்க கண்ணு முன்னாடியே பூசறேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"நான் முன்னாடி உட்கார்ந்தா பாவையை யார் பிடிக்கிறது? இன்னொரு ஜூசோவா வருவான்?"

"நான் பிடிக்கிறேன் தோக்" என்று டெராமான் முன்னால் வந்தார்.

"உன் எச்சில் கையை எடு. நாயனம் ஊதினா ஊது."

"அப்ப நான் பிடிக்கிறேன்" என்றாள் ஜாவியா.

மோக் நாப் வாயில் கை வைத்துக்கொண்டாள். செரி ராமாவை ஜூசோவைத் தவிர யாரும் தொட்டதில்லை. சொந்த மருமகன் எடுத்துத் தருகிறேன் என்று கை நீட்டியதற்கே ஒரு வாரம் அவனோடு பேசாமல் இருந்தவர் அவர். ஜாவியாவும் இத்தனை வருஷத்தில் அந்தப் பெட்டிக்கு மேலே தூசி தட்டியிருக்கிறாளே தவிர, மூடியைத் திறந்ததில்லை.

ஜூசோ அவள் கைகளைப் பார்த்தார். நகக்கண்ணிலெல்லாம் பச்சை ஏறிக் கிடந்தது.

"போய்க் கையைக் கழுவிட்டு வா" என்றார்.

ஜன்னல்களை எல்லாம் சாத்தினார்கள். டெராமானையும் மோக் நாப்பையும் ஜூசோ வெளியே அனுப்பிவிட்டார். அவர்கள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, நீ தள்ளு, நீ தள்ளு என்று கிசுகிசுப்பது கேட்டது. ஜாவியா குனிந்து திரைக்குப் பின்னால் நுழைந்தாள். இவ்வளவு சின்ன இடமா! கோரைப்பாய் ஒன்று, நடுவில் பள்ளம் விழுந்த ஒரு மெத்தைத் துண்டு, முகத்துக்கு நேரே தொங்குகிற குண்டு பல்பு. விளக்கைப் போட்டதும் அடுப்பு முன்னால் உட்கார்ந்த மாதிரி சூடு முகத்தில் அடித்தது. ராத்திரி முழுக்க இந்தச் சூட்டிலா இந்த மனுஷன் உட்கார்ந்து கோமாளிக் குரலில் ஊரைச் சிரிக்க வைக்கிறார் என்று நினைத்தபோது அவளுக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி காணாமல் போயிற்று.

"பாவை மேலே தாண்டிக் கால் வைக்காதே. சுத்திப் போ. உட்காரு. நிமிந்து உட்காரு" என்றார் பின்னாலேயே வந்த ஜூசோ. பிறகு வாழைத்தண்டிலிருந்து செரி ராமாவை உருவி, நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, அவள் காதில் விழக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, தாழ்ந்த குரலில் பேசினார். "ராஜா, கொஞ்ச நேரம் எங்க வீட்டுக்காரி கையில இருங்க. கோவிச்சுக்காதீங்க. அவ கை நல்ல கை."

இரண்டு கையாலும் கொடுத்தார். இரண்டு கையாலும் வாங்கினாள். பாவை இவ்வளவு லேசாக இருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை. இடது கைக்கு மகாராஜா வானாவை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஜூசோ முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து, திரையின் ஓரமாக வெளியே போனார். முன்பக்கம் போக அவருக்கு வழி தெரியாத மாதிரி கால் தயங்கித் தயங்கிப் போவது அவளுக்குக் கேட்டது.

ஜாவியா பாவைகளைத் திரைக்கு அருகில் கொண்டுபோனாள். தலையைத் தூக்கிப் பார்த்தாள். வலது பக்கம் செரி ராமா. இடது பக்கம் வானா. அட! மனுஷன் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தால் அவர் சொன்னதுதான் சரி. இந்த உலகத்தில் வேறு எப்படியும் இருக்க முடியாது. ஆனால் இதை இப்போது அவரிடம் போய்ச் சொல்ல அவளுக்கென்ன பைத்தியமா?

முன்பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

"ஆபே? இருக்கீங்களா?"

நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு அவர் குரல் வந்தது. "ராமாவைக் கொஞ்சம் ஒட்டி வை."

ஒட்டி வைத்தாள்.

"இப்ப எடு. விளக்குப் பக்கம் கொண்டு போ. மெதுவா."

கொண்டுபோனாள்.

"யப்பா..." என்றார் ஜூசோ. "யப்பா. இப்படியா வளருவாரு?"

அவள் மறுபடி ஒட்டினாள், மறுபடி விலக்கினாள். கை வலித்தது; விடவில்லை. அவர் எழுந்திருக்கிற சத்தம் கேட்டது. செருப்பில்லாத கால் சுவரை நோக்கிப் போயிற்று. ஒரு ஜன்னல் கதவு லேசாகத் திறந்தது. திரையின் மேல் ஓரத்தில் வெளிச்சம் கோடாக விழுந்தது. இங்கிருந்து அவளுக்கு ஒன்றும் தெரியாது. சுவர் முன்னால் நிற்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. வெகுநேரம் நின்றார். இவ்வளவு நேரம் எதற்கு? வாளியைத் தேடுகிறாரா? தப்பு என்று சொல்லிவிட்டால் வாக்குக் கொடுத்தபடி பூசித்தான் ஆக வேண்டும். பூசிவிடலாம், ஆனால் அதற்கப்புறம் தூரிகையை எடுக்க மனசு வருமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஜன்னல் மூடிக்கொண்டது. கால் திரும்பி வந்தது. நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது.

"அந்த ஓரத்துக் கலக்கம்" என்றார் ஜூசோ. "உனக்குக் கை நடுங்குது, அதான் அப்படி வரையிறேன்னு நினைச்சிக்கிட்டு இருந்தேன் இத்தனை நாளா. கேட்டா மனசு கஷ்டப்படுவியேன்னு கேக்கல."

ஜாவியாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"உள்ள உட்கார்ந்தா தோலும் குச்சியும் வேர்வையுந்தான் யா தெரியும். ஆட்டி முடிச்சாப் பெட்டியில போட்டுப் பூட்டிடுவேன். முன்னாடி இது இப்படி நடந்துக்கிட்டு இருந்திருக்கு. பச்சை அப்படியே விளக்கைக் குடிச்ச மாதிரில்ல இருக்கு! இவ்வளவு அழகா நான் ஆட்டுறேன்னு ஏன்டி நீ ஒரு நாளும் சொல்லல?"

"சுவர் சுவரா சொல்லிக்கிட்டுத்தானே இருந்தேன்?" என்றாள் ஜாவியா.

கதவுக்கு வெளியே கிசுகிசுப்பு நின்றுபோயிருந்தது.

"அந்த வாளியை மோக் நாப்கிட்டக் கொடுத்துரு. அவ வீட்டுச் சுவருக்கு ஆகும்" என்றார் ஜூசோ. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, ராஜாவுக்கும் ராட்சசனுக்கும் இல்லாத அவருடைய சொந்தக் குரலில் சொன்னார். "நல்லா இருக்கு யா. ரொம்ப நல்லா இருக்கு."

அவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கக் கை இல்லை. ஒரு கையில் செரி ராமா, ஒரு கையில் மகாராஜா வானா. தோள்பட்டையில் கன்னத்தைத் தேய்த்துப் பார்த்தாள், முடியவில்லை. அழுகையும் சிரிப்புமாக உடம்பு குலுங்க, ராமாவும் சேர்ந்து குலுங்கினார்.

"ஏய், ஏய்! ராமாவை ஆட்டாதே! நேராப் பிடி!" என்று அதட்டல் வந்தது.

"பிடிச்சிருக்கேன், ஆபே."

"அப்படியே இரு. இன்னும் கொஞ்சம் பாத்துக்கிறேன்."